மோர் பாட்டிலும் ருக்மணியக்கா கிணறும்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு நான் ஒரு கிணற்றில் குதித்தேன்.

பதறாதீர்கள். நன்றாகத்தான் இருக்கிறேன். காதில் மட்டும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது.

எனக்கு வேலை பாலக்காட்டில், தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு லேப்பில். வீடு கிழக்கே, கொழிஞ்சாம்பாறை பக்கம். வாரத்தில் ஆறு நாள் கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பார்க்கிறவளுக்கு ஏழாம் நாள் என்ன பொழுதுபோக்கு? அதுவும் தண்ணீர்தான்! எங்கள் தெருக்கோடியில் ருக்மணியக்காவின் தோட்டம். அதில் படி இறங்கும் பெரிய கிணறு. கோடை வந்துவிட்டால் ஞாயிறு நாலிலிருந்து ஆறு மணி வரை அது பெண்களுக்கு மட்டும். அந்த நேரத்தில் எந்த ஆம்பிளையாவது தோட்டத்துப் பக்கம் தலை காட்டட்டும் பார்க்கலாம்... அக்காவின் குரல் ஒன்றே போதும்.

நாற்பத்தாறு வயதில், போன வருஷம்தான் நான் நீச்சல் பழக ஆரம்பித்தேன். முதுகில் காலி எண்ணெய் கேனைக் கட்டிக்கொண்டு! இந்த வருஷமும் கேன் இறங்கவில்லை. எதிர்வீட்டு செல்வி ஸ்கூல் டீச்சர். அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

“கேனுக்கு நல்லா நீச்சல் வந்துருச்சுங்க மேடம். இனி உங்களுக்குத்தான் வரோணும்.”

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு ஞாயிறு எனக்கு அந்த யோசனை வந்தது. இத்தனை பேருக்குக் கிணற்றைத் திறந்துவிடுகிற அக்காவுக்கு நாம் என்ன செய்தோம்? தண்ணீரை லேப்பில் பரிசோதித்து, ‘சுத்தம்’ என்று சீல் குத்தி ஒரு ரிப்போர்ட் கொடுத்தால் எப்படியிருக்கும்? அக்கா அதை ஃபிரேம் போட்டு மாட்டமாட்டாரா?

சாம்பிள் எடுக்க லேப் பாட்டில் வேண்டும். அன்றைக்குப் பார்த்து கையில் இல்லை. பையில் மோர் கொண்டுபோகிற பாட்டில் இருந்தது. கிணற்றுத் தண்ணீரிலேயே மூன்று தடவை அலசினேன், பிடித்தேன். வீட்டில் ஒரு ராத்திரி, காலையில் பஸ்ஸில் ஒரு மணி நேரம்... வெந்து வியர்த்து சாம்பிளும் நானும் லேப் போய்ச் சேர்ந்தோம்.

லேப் கதவில் ஒரு நோட்டீஸ் தொங்குகிறது. ‘லேப் தரும் பாட்டிலில் மட்டுமே தண்ணீர் கொண்டு வரவும்.’ எழுதியது யார்? நானேதான். போன மாதம் ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்த ஒருவரை, “இதைப் படிக்கலையா?” என்று திருப்பி அனுப்பியதும் நானேதான். ஊருக்குத்தானே உபதேசம்!

புதன்கிழமை பார்த்தால் எல்லாக் குழாயிலும் காற்றுக் குமிழி. கிருமிகள் கும்மாளம் போடுகின்றன என்று அர்த்தம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இன்னொரு தடவை பார்ப்போமே என்று தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. சாயங்காலம் நேராக அக்காவிடம் போய் நின்றேன்.

“அக்கா, கிணத்துத் தண்ணி சரியில்லீங்க. கொஞ்ச நாளைக்கு யாரும் எறங்க வேண்டாங்க.”

மாட்டுக்குத் தீவனம் கலக்கிக்கொண்டிருந்த அக்காவின் கை அப்படியே நின்றது.

“ஏனம்மிணி, என்ற மாமியா காலத்துல இருந்து இந்தத் தண்ணியிலதான் இந்த ஊடே பொழைக்குது. ஒரு நாளு ஒருத்தருக்கு வவுத்து வலி வந்துருக்குமா?”

சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. இதை அவர் மெதுவாகத்தான் கேட்டார். மறுநாள் காலையில் தோட்டத்துக் கேட்டில் பூட்டுத் தொங்கியது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமையை என்னவென்று சொல்ல? வெயில் கூரை ஓட்டைத் துளைத்து உள்ளே வந்தது. தெருப் பெண்கள் ஆளுக்கொரு வாசலில் விசிறிக்கொண்டு உட்கார்ந்து, நான் போகும்போதெல்லாம் என்னையே பார்த்தார்கள்.

“ஏனுங்க மேடம்,” என்றாள் செல்வி, “சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த ஆண்டி, உங்களுக்குச் சொந்தமுங்களா?”

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். வழியில் எதிரே வந்த அக்கா என்னைப் பார்க்காமல் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டே போனாரே, அதுதான் தாங்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

திங்கட்கிழமை லேப்பில் கூட வேலை பார்க்கும் பிந்து, பழைய சாம்பிள் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். திடீரென்று கூப்பிட்டாள்.

“சேச்சி, இந்த பாட்டில் மூடிக்குள்ள கறிவேப்பிலை ஒட்டியிருக்கே. உங்க கிணத்துல தாளிச்சுக் கொட்டுவாங்களா?”

வாங்கி முகர்ந்தேன். இஞ்சி வாசனை! அடிப்பாவி, இத்தனை வருஷ சர்வீஸில் நான் பரிசோதித்தது என் மத்தியான மோரையா?

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்கு ஓடினேன். நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அக்கா முழுக்கக் கேட்டார்.

“மோரா?”

“மோருங்க்கா.”

“நான் குடுத்துவுட்ட தயிர்ல கலக்குன மோரா?”

“...ஆமாங்க்கா.”

“அப்ப இனி என்ற மாட்டுமேலயும் ஒரு குத்தம் சொல்லுவ?”

சிரிப்பாரோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. சாவியை மட்டும் நீட்டினார். மறுநாள் காலையில் லேப் பாட்டிலில் பிடித்து, ஐஸ் டப்பாவில் வைத்து, குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதுபோல் பஸ்ஸில் கொண்டுபோனேன். வியாழக்கிழமை முடிவு வந்தது. குடிக்கக் கொதிக்கவைக்க வேண்டும், குளிக்கத் தாராளமாக இறங்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை துண்டும் கையுமாகத் தெருவே கிணற்றடியில் காத்திருந்தது. சீல் குத்திய ரிப்போர்ட்டைப் பெருமையாக நீட்டினேன். அக்கா அதைக் கையால் தொடவே இல்லை.

“போன வாரமும் இதே லேப்புதான சொல்லுச்சு? காயிதமெல்லாம் வேண்டாம் அம்மிணி. மொதல்ல நீ குதி.”

நான் கேனை எடுக்கக் குனிந்தேன்.

“கேன் எதுக்கு? தண்ணிய நீதான சோதிக்கிற?”

அடிப்படியில் செல்வி கயிற்றோடு நின்றாள். அக்காவும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் இறங்கி நின்றார். வேறு வழி? கண்ணை மூடினேன், மூக்கைப் பிடித்தேன்... குதித்தேன்.

உள்ளே போனேன், மேலே வந்தேன், மறுபடி உள்ளே போனேன். மூக்கிலும் வாயிலும் தண்ணீர். கையும் காலும் என்ன செய்தனவோ தெரியாது, எதிர்ச் சுவர் கைக்குத் தட்டுப்பட்டது. கேன் இல்லாமல் கடந்துவிட்டேன்!

“தண்ணி எப்படி இருக்குது அம்மிணி?”

இரண்டு மடக்கு குடித்திருந்தேன். கொதிக்கவைக்காத தண்ணீர்தான். “நல்லாருக்குங்க்கா!” என்று கத்தினேன்.

அக்கா இப்போதுதான் சிரித்தார். மேலே நின்றவர்களை அண்ணாந்து பார்த்துச் சொன்னார்:

“ரிப்போர்ட்டு வந்துருச்சு. எல்லாரும் எறங்குங்க!”

லேப் கதவு நோட்டீஸில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது: ‘ஊழியர்களுக்கும் இது பொருந்தும்.’