முழுக்கைச் சட்டை போட்டு ஓடியவள்

விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில், சினிமாவுக்கு ஆள் பார்க்க, ஓட்டக்காரிகளை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். மேடையில் மாப்பிள்ளை நாற்காலியில் இயக்குநர், பக்கத்தில் பெண் நாற்காலியில் நான். சாத்தூர், ஆமத்தூர், மல்லாங்கிணறு என்று எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்திருந்தார்கள். கன்னம் ஒட்டி, கெண்டைக்கால் இறுகி, வெயில் தின்ற நிறத்தில். ஒருத்தியும் மேடையைப் பார்க்கவில்லை. எல்லோருடைய பார்வையும் வாசலில் கிடந்த வெளிச்சத்தில் இருந்தது. என் தங்கையின் பழைய உடம்பே வரிசை வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பது போல எனக்குத் தோன்றியது.

இயக்குநர் என் காதருகே சாய்ந்தார். "கால் எல்லாம் இருக்கு சார். முகம்தான் இல்ல."

நான் தலையாட்டினேன். என் தங்கையின் முகம் இல்லை என்று ஒருவன் சொல்ல, அவளுடைய அண்ணன் தலையாட்டினான்.

படம் அவளைப் பற்றியது. ஐயாயிரம் மீட்டரும் பத்தாயிரம் மீட்டரும் ஓடியவள். மாநிலத்தைத் தாண்டியும் ஓடியவள். இப்போது ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். பத்திரிகையில் வந்த என் வசனகவிதைகளைப் படித்துவிட்டு அந்த இயக்குநர் சென்னையிலிருந்து தேடி வந்தார். வந்த இடத்தில் தங்கையின் கதையைக் கேட்டார். கதை அவளுக்கு, வசனம் எனக்கு என்று பிரிந்தது.

அவள் உடனே சம்மதிக்கவில்லை. ஒரு வாரம் யோசித்துவிட்டு, அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டே சொன்னாள்:

"தோத்தது, அழுதது, வேலைக்கு அலைஞ்சது, எல்லாத்தையும் எடுத்துக்கிடுங்க அண்ணே. கை மட்டும் வேண்டாம். நீ எழுதுறேன்னு சொன்னதாலதான் சரிங்கிறேன். பார்த்துக்கோ."

"பார்த்துக்கிடுதேன் தாயி" என்றேன்.

அவளுக்கு இடது கை முழங்கைக்குக் கீழே வெந்து ஆறியது. தோல் இழுத்துக்கொண்டதால் கை முழுசாக நீளாது. ஓடும்போது வலது கை வீசும், இடது கை விலாவோடு ஒட்டியே வரும். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுத்தான் ஓடினாள். யாராவது கேட்டால் வெந்நீர் என்பாள்.

எங்கள் பக்கம் யார் உடம்பில் தழும்பு இருந்தாலும் அது வெந்நீர். மிஞ்சிப்போனால் கொதிக்கிற எண்ணெய். ஆஸ்பத்திரியில் வாய் தவறிப் பட்டாசு என்று சொன்னால் கம்பெனியைப் பூட்டிவிடுவார்கள், பூட்டினால் தெருவில் பாதி அடுப்பு எரியாது. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். மறுகேள்வி கேட்பது இங்கே மரியாதை இல்லை.

தங்கையின் வெந்நீருக்குள் எங்கள் அம்மா இருந்தாள். தீபாவளி சீசன். பள்ளிக்கூடம் லீவு. தான் வேலை பார்த்த கம்பெனிக்கு அம்மா அவளையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். ஒரு கை கூடுதலாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும், வீட்டில் தனியே விடவும் பயம். பட்டாசுத் திரிக்கட்டு ஒன்று சீறி அவள் கையில் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் யாரும் கேட்பதற்கு முன்பே அம்மா வெந்நீர் என்றாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்த நாளைப் பற்றிப் பேச்சே கிடையாது. படம் எடுக்கும்போது அம்மா இருந்தாள். கையைக் காட்டினால் அம்மாவைக் காட்ட வேண்டிவரும். தங்கை காப்பாற்ற நினைத்தது அவளைத்தான். இப்போது அம்மா இல்லை. இதை எழுதட்டுமா என்று தங்கையிடம் கேட்டேன். "பேரு போடாம எழுது" என்றாள்.

மண்டபத்துப் பிள்ளைகளைக் கூட்டத்தில் நிற்க வைத்துவிட்டு, கதாநாயகியை வேறு மாநிலத்திலிருந்து கொண்டுவந்தார்கள். நல்ல சிவப்பு. கறுப்பு பூசினார்கள். ஓட ஓட வியர்வையில் அந்தக் கறுப்பு இறங்கிச் சட்டைக் காலரில் தங்கியது. பிள்ளை நல்ல பிள்ளை, குறை சொல்ல முடியாது. சென்னையில் மாதக்கணக்கில் ஓடிப் பழகியிருந்தாள். ஆனால் முழங்கால் மார்பு வரை எழும்பியது, கைகள் காற்றைக் கிழித்தன, கூந்தல் தனியாக ஒரு ஓட்டம் ஓடியது. பார்த்துவிட்டு என் தங்கைக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஏ பிள்ள, இது பஸ்ஸு போயிரும்னு ஓடுற ஓட்டமுல்ல! பத்தாயிரம் மீட்டரை இப்படி ஓடுனா மூணாவது சுத்துல தூக்கிட்டுத்தான் போகணும். காலத் தூக்காத, தரையைத் தடவிட்டுப் போ."

நெடுந்தூர ஓட்டம் பார்க்க அழகானது இல்லை. சுற்று மேல் சுற்று, அதே முகம், அதே மூச்சு, சாணை பிடிப்பது போல ஒரே சத்தம். தங்கை அதைத்தான் சொல்லிக்கொடுத்தாள். இயக்குநருக்கு அது பிடிக்கவில்லை. "உண்மையா இருக்கு மேடம், ஆனா திரையில நிக்காது" என்றார். தன்னைப் போல ஓடுவது எப்படி என்று என் தங்கைக்கே அவர் விளக்கிக்கொண்டிருந்தார். அவள் விசிலை வாயில் கவ்வியபடி தலையசைத்தாள். "சரி சார், எனக்கென்ன தெரியும், நான் ஓடத்தானே செஞ்சேன்."

நடிப்பவளின் கண் கூர்மையானது. "அக்கா, லெஃப்ட் ஹேண்ட் ஏன் அப்படி?" என்று ஒருநாள் கேட்டாள். "பழக்கம்மா" என்று தங்கை முடித்துவிட்டாள். அது இயக்குநர் காதில் விழுந்தது.

மறுநாள் சாத்தூர் நாற்கரச் சாலையில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார். "அந்தக் கை என்ன சார்?"

வெந்நீர் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் ஊர்க்காரன் எவனும் அதைத்தான் சொல்லியிருப்பான். ஆனால் எனக்குள் அதற்கு முன்பே ஒரு வரி வந்து உட்கார்ந்திருந்தது. நல்ல வரி. சில நாட்களாகவே நாக்கில் உருண்டுகொண்டிருந்தது. லாரிகள் போகிற இரைச்சலுக்கு நடுவே அதைச் சொன்னேன். "அவ கை ஒரு மடங்குன றெக்கை சார். நெருப்பு மடக்குனது." சொல்லி முடித்ததும் அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவர் கண் விரிவதைப் பார்த்தேன். மிச்சத்தையும் சொன்னேன். திரி, அம்மா, ஆஸ்பத்திரி, எல்லாம். அவர் கேட்காததையும் சொன்னேன். பிறகு அறைக்குப் போய் அந்தக் காட்சியை எழுதியும் கொடுத்தேன். உண்மைக்காக எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்குக் கை அவ்வளவு வேகமாக ஓடியது.

தங்கையிடம் சொல்லவில்லை. எப்படியும் வெட்டிவிடுவார்கள், சொல்வானேன் என்று இருந்துவிட்டேன்.

படப்பிடிப்பு ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பொட்டலில். உள்ளூர்ப் போட்டியில் கதாநாயகி கடைசிச் சுற்று ஓடிவரும் காட்சி. வேடிக்கை பார்க்கும் கூட்டமாக நிற்க, கம்பெனி லீவு நாளில் பெண்களை வேன் வைத்து அழைத்து வந்திருந்தார்கள். ஓட்டத்தைச் சரிபார்க்கத் தங்கையும் வந்திருந்தாள். கேரவன் கதவு திறந்தது. நடிப்பவள் அரைக்கைச் சட்டையில் இறங்கினாள். இடது முழங்கைக்குக் கீழே தோல் சுருண்டு, வழவழத்து, சிவந்து கிடந்தது.

கூட்டத்திலிருந்த ஒரு வயசான அம்மா நேரே போய் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கன வேலை பார்த்த தாயி? எந்தக் கம்பெனி?"

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் அவ்வளவு ஓடாது. சிரித்தாள்.

"சரி, சொல்ல வேண்டாம்." அந்த அம்மா குரலைத் தாழ்த்தினாள். "யாரு கேட்டாலும் வெந்நீர்னு சொல்லிரு, என்ன? நாளைக்கு ஒருத்தன் வந்து கையப் புடிக்கணும்ல."

"ஏ பெரிம்மா, அது ரப்பரு! மேக்கப்பு போட்டிருக்காக!" என்று ஒரு பெண் கத்த, கூட்டமே சிரித்தது.

"அடி ஆத்தி! நெசம்னுல்ல நெனச்சேன்!" அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள். "நம்மளதையும் சாயங்காலம் ஆனா உரிச்சு டப்பாவுல போட்டு வச்சா எம்புட்டு நல்லாருக்கும்!"

என் தங்கை சிரிக்கவில்லை. இடது சட்டைக்கையை உள்ளங்கை வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, நீயா?"

"அவரு கேட்டாரு..."

"கேட்டா?"

நான் கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"போயி அந்த ரப்பரைக் கழட்டச் சொல்லு. இப்பவே."

போனேன். இயக்குநர் மானிட்டருக்கு முன்னால் குடைக்குக் கீழே இருந்தார். சொன்னேன். அவர் கோபப்படக்கூட இல்லை. "நீங்க எழுதுனதுதானே சார்? இந்தப் படத்துல நெஜமா இருக்கிறதே அது ஒண்ணுதான்."

அவர் சொன்னது சரி. நிறம் பொய், கால் பொய், ஓட்டம் பொய், அவள் இரண்டாவதாக வந்த பந்தயத்தைக்கூட முதலாவதாக மாற்றியாயிற்று. மிச்சம் இருந்த ஒரே உண்மை, அவள் வேண்டாம் என்ற ஒன்று. சண்டை போட்டிருக்கலாம். படத்திலிருந்து என் பேரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். குடைக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில் நின்றேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். காலியான டம்ளரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நின்றேன். "ஆக்‌ஷன்" என்றார்கள். திரும்பிப் பார்த்தபோது தங்கையின் ஸ்கூட்டி பொட்டலைத் தாண்டிப் புழுதிக்குள் போய்க்கொண்டிருந்தது.

படம் வந்தது. கொஞ்ச நாள் ஓடியது. நேரில் பார்த்தது போல இருந்தது, அந்தக் கைதான் உயிர் என்று எழுதினார்கள். தொலைபேசியில் பாராட்டினார்கள். ஒவ்வொரு பாராட்டுக்கும் நன்றி சொன்னேன். தங்கை வீட்டுக்குள் என்னோடு வேண்டியதை மட்டும் பேசினாள். அம்மாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் எதிர்வீட்டு அத்தை வந்தாள். சொந்தம் இல்லை, ஆனால் அம்மாவை மதினி என்றுதான் கூப்பிடுவாள். அம்மா முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த தங்கை வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அத்தை நின்றபடியே ஆரம்பித்தாள்.

"மதினி, மகன் எடுத்த படத்தைப் பார்த்தீகளா? நேத்து எம்பேரன் போன்ல காட்டுனான். ஒங்கள இப்படிக் காட்டிருக்காகளே! பச்சப்புள்ளையக் கையப் புடிச்சு கம்பெனிக்கு இழுத்துட்டுப் போற மாதிரி!"

கீரை ஆயும் விரல்கள் நின்றன. அம்மா நிமிரவில்லை. தங்கை ஒற்றைக் காலில் ஷூவோடு அப்படியே நின்றாள்.

"அது நான் கட்டுனது அத்தை" என்றேன். "கதைக்கு வேணும்னு நானாச் சேர்த்தேன். அம்மா எங்கயும் கூட்டிட்டுப் போகல. வீட்டுல வெந்நீர் கொட்டுனதுதான்."

"ஏலே, நீயெல்லாம் படிச்சவனாலே?" அத்தை இடுப்பில் கைவைத்தாள். "உள்ளது நல்லது எழுதத் துப்பில்லாம, பெத்தவ மேலயா பழியப் போடுவ? ஒனக்கு வேற கதையே கெடைக்கலையாக்கும்?"

அத்தைக்கு உண்மை தெரியும். அவள் முழங்கையிலும் ஒரு வெந்நீர் உண்டு, அதே கம்பெனி, வேறு வருஷம். தெரிந்துகொண்டுதான் திட்டினாள், அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி, தெருவுக்கும் கேட்கிற மாதிரி.

"நல்லாக் கேளுங்க அத்தை" என்றாள் தங்கை வாசலிலிருந்து. "எங்கண்ணன் எப்பவுமே இப்படித்தான். இல்லாததத்தான் எழுதுவாக."

என் வேலையைப் பற்றி அவள் சொன்ன ஒரே விமர்சனம் அதுதான். அதையும் எனக்குச் சொல்லவில்லை, எதிர்வீட்டுக்குச் சொன்னாள். அம்மாவின் விரல்கள் மறுபடி அசைந்தன. ஒரு தண்டை ஒடித்தாள், இலையை முறத்தில் போட்டாள். மூவரும் சேர்ந்து அந்த வீட்டை நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். என் பொய் அவர்களுக்குத் தேவைப்பட்டது, நான் தேவைப்படவில்லை. பொய்யைத் தடுமாறாமல், அழகாகச் சொல்லிவிட்டோம் என்று அந்த நேரத்திலும் மனசில் ஒரு மூலை கணக்குப் போட்டது. அதை உணர்ந்ததும் முகம் தீயாய்ச் சுட்டது.

அத்தை ஓயவில்லை. "உக்காந்து யோசிச்சுப் பாருலே" என்றாள். உட்கார்ந்தேன். வேறு எதையும் பார்க்க முடியாமல், அம்மாவின் காலடியில் விழுந்த கீரைத் தண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.