காது குடைந்த ஓட்டுநர்

கேரளத்துப் பொன்முடி மலையில் காட்டுப்பூக்கள் பூத்திருக்கின்றன என்று மனைவி, மகளோடு வாடகை அம்பாசிடரில் கிளம்பினேன். ஓட்டுநருக்கு அடர்ந்த மீசை, எண்ணெய் வழியும் பிடரி. ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் வீட்டுச் சாவியால் காதைக் குடைந்து, முகர்ந்து பார்த்து, இருக்கையில் துடைப்பார்.

“சீ! பூவும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். வண்டியைத் திருப்பச் சொல்லுங்கோ!” என்றாள் மனைவி.

சமாதானம் சொல்ல வாயைத் திறந்தேன். காலையில் தின்ற மசால்தோசை மொத்தமும் அவர் பிடரியில் இறங்கியது.

அவர் திட்டவில்லை. “சாரமில்ல சாரே, எல்லார்க்கும் வர்றதுதான்” என்று கையால் வழித்து வெளியே உதறிவிட்டு ஓட்டினார். அவரால் அது எப்படி முடிந்ததோ, இன்றும் எனக்குப் புரியவில்லை.

மலையெங்கும் பூ. ஆசை தீரப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, மனைவியும் மகளும் முன்னிருக்கையில் அவரருகே நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பின்னிருக்கை முழுவதும் எனக்கே கிடைத்தது.