மோட்டார் ரூமில் ஒரு கம்ப்யூட்டர்

எங்களுக்குக் கிணறு ஒன்று. பங்காளிகள் மூன்று பேர். அண்ணன், நான், தம்பி. மாரண்டஹள்ளிக்கு வெளியே தோட்டத்தில் மூன்று வீடும் அடுத்தடுத்து இருக்கிறது. தண்ணீர் முறை வைத்துத்தான் பாயும். ஆளுக்கு இரண்டு நாள்.

முறையை விட்டால் உரிமை போய்விடும் என்பது அண்ணன் கணக்கு. எங்கள் பெரியப்பா மகன் ஒருவர் பெங்களூருக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். பல வருஷம் முறை எடுக்கவில்லை. திரும்பி வந்து கேட்டபோது, கிணற்றில் அவருக்குப் பங்கு இருந்தது யாருக்கும் ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாதவர்களில் அண்ணனும் ஒருவர். அதனால்தான் அவருக்குப் பயம் அதிகம்.

மழை கொட்டினாலும் தன் முறை நாளில் குடை பிடித்துக்கொண்டு போவார். மோட்டாரைப் போடுவார். ஒரு நிமிஷம் தண்ணீர் சும்மா ஓடும். நிறுத்திவிட்டு வருவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

தம்பி சம்சாரம் தருமபுரியில் பி.காம். படித்தவள். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து எங்களோடு தக்காளி பறித்தாள். தக்காளிச் செடியைத் தொட்டால் விரலில் கறுப்பாக ஒரு கறை ஏறும். சோப்புக்குப் போகாது. அவள் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் சோறு பிசையும் முன்னால் கையை ஒரு தடவை திருப்பிப் பார்ப்பாள். நான் பார்த்திருக்கிறேன்.

ஓசூரில் ஒரு கம்பெனி, வீட்டில் இருந்தபடியே ஆஸ்பத்திரி பில்களை டைப் அடிக்க ஆள் எடுத்தது. அவளுக்குக் கிடைத்தது. சொந்தக் கம்ப்யூட்டர் வேண்டும். அதில் ஓடுகிற சிஸ்டம் ஒரிஜினலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கம்பெனி சாஃப்ட்வேர் திறக்காது. முதலில் கொஞ்ச மாதம் பார்ப்பார்கள். வேலை விட்டு விட்டு நடந்தால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்கள். அவ்வளவுதான் பேச்சு.

தம்பி கம்ப்யூட்டர் வாங்கப் போனான். மூடிப்போன ஒரு கம்பெனியில் பழசு மூன்று விற்றார்கள். மூன்றையும் சேர்த்து எடுத்தால்தான் உண்டு என்றார்களாம். எடுத்துக்கொண்டு வந்தான். தக்காளி ஏற்றும் கிரேட் பெட்டியில் வைத்து, மேலே சாக்குப் போட்டு, டெம்போவில் வந்தது. ஆளுக்கு ஒன்று என்று பிரித்தோம். எனக்கு எதற்கு என்று கேட்டேன்.

"பங்குன்னா பங்குதான்டா," என்றார் அண்ணன்.

வாங்கி வைத்துக்கொண்டேன்.

மூன்று கம்ப்யூட்டருக்குள்ளும் ஒன்றும் இல்லை. துடைத்துவிட்டுக் கொடுத்திருந்தார்கள். ஊருக்குள் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் வந்து பார்த்தார். ஆபரேட்டிங் சிஸ்டம் போட வேண்டும் என்றார். அதுவும் கூட்டாகவே வாங்கினோம். ஒரு டப்பா. மூன்று கம்ப்யூட்டரிலும் ஏற்றினார். பிறகு டப்பாவுக்குள் இருந்த அட்டையை எடுத்தார். அதில் நீளமாக எழுத்தும் நம்பரும் கலந்து இருந்தது. அதைக் கீ என்றார்.

"இது ஒரு மெஷினுக்குத்தாங்க," என்றார்.

"ஏத்தினது மூணுலயும் ஏறிடுச்சே?" என்றார் அண்ணன்.

"ஏறும்ங்க. ஓடவும் ஓடும். ஆனா லைசென்ஸ் ஒண்ணுக்குத்தான். இன்னும் ரெண்டு டப்பா வாங்கணும்."

"எங்க வூட்ல மருந்தடிக்கிற மிஷின் ஒண்ணுதான் இருக்குது. மூணு பேரு தோட்டத்துக்கும் அதுலதான் அடிக்கறோம். வித்தவன் வந்து கேட்டானா?"

"அது வேறங்கண்ணா."

"கல்யாண அண்டா ஒண்ணுதான். அது?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மாமரத்தைப் பார்த்தேன்.

"ஒண்ணுல எடுத்துட்டு இன்னொண்ணுல போட்டுக்கலாம்ங்க," என்றார் அவர், ஆளை விட்டால் போதும் என்று. "ஒரே நேரத்துல ரெண்டுல இருக்கக்கூடாது. அதான் சட்டம்."

சொல்லியிருக்கக்கூடாது.

"அப்ப முறை வெச்சுக்கலாம்," என்றார் அண்ணன். "ஆளுக்கு ரெண்டு நாளு."

தம்பிக்கு முகம் வாடிவிட்டது. அவன் சம்சாரம் சொன்னாள்: "பெரிய மாமா, எனக்கு வேலை தெனமும் இருக்குதுங்க."

"தண்ணி கூடத்தான் தெனமும் வேணும்," என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. முறை மாறும் காலையில் தம்பி சம்சாரம் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போவாள். தன் வீட்டில் எடுத்துவிட்டு அங்கே கீயை அடித்துக் கொடுப்பாள். இரண்டு நாள் கழித்து அங்கே போய் எடுத்துக்கொண்டு வருவாள். என் முறையை முதல் நாளே அவளுக்கு விட்டுவிட்டேன். என் கம்ப்யூட்டர் மேல் என் சம்சாரம் மிளகாய் முறம் வைத்திருந்தாள். அது சூடாக இருக்கும், வற்றல் நன்றாகக் காயும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். பிளக் செருகினால்தான் சூடாகும் என்று நான் சொல்லவில்லை.

அண்ணன் தன் முறையில் என்ன செய்தார் என்றால், மாட்டைப் பார்த்தார். போன வருஷம் செத்துப்போன செவலைக் காளை. அதன் போட்டோவைத் திரை நிறைய வைத்துக் கொடுத்திருந்தார் ரிப்பேர் கடைக்காரர். சாயந்திரம் தோட்டத்திலிருந்து வந்து, கால் கழுவி, எதிரே உட்கார்ந்து பார்ப்பார். அதற்கு லைசென்ஸ் தேவையே இல்லை. ஆனால் லைசென்ஸ் இல்லாத நாளில் திரையின் கீழ் மூலையில் இங்கிலீஷில் இரண்டு வரி தெரியும். அது சரியாக மாட்டின் பின்னங்காலில் விழுந்தது.

"காலுல எழுதியிருக்குது பாரு," என்பார். "சந்தையில நம்பர் போட்ட மாடு மாதிரி."

இதற்காகத் தம்பி சம்சாரம் முறைக்கு முறை இரண்டு நாள் வேலையை விட்டாள். அந்த இரண்டு நாளும் தக்காளி பறித்தாள். கம்பெனியிலிருந்து போன் வந்தது. வாரத்துக்கு வாரம் ஏன் காணாமல் போகிறீர்கள் என்று கேட்டார்களாம். கரண்ட் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். இன்னொரு தடவை இப்படியானால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"உங்கண்ணன் மாட்டைக் கும்புடறதுக்கு அவ வேலை போவணுமா?" என்றாள் என் சம்சாரம்.

"பாக்கலாம்," என்றேன்.

"நீங்க பாத்துக்கிட்டேதான் இருப்பீங்க."

பிறகு ஒரு காலை கீ ஏறவில்லை. அண்ணன் வீட்டில் எடுத்துத் தன் வீட்டில் அடித்தாள் தம்பி சம்சாரம். நிறையத் தடவை மாற்றிவிட்டீர்கள், போன் செய்யுங்கள் என்று வந்தது. அவள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒன்பது மணிக்கு வேலை ஆரம்பிக்க வேண்டும். தம்பி எங்களைக் கூப்பிட்டான். போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்கள்.

போனில் முதலில் மெஷின் குரல் பேசியது. இங்கிலீஷ். அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். "இதை எத்தனை கம்ப்யூட்டர்ல போட்டிருக்கீங்கன்னு கேக்குதுங்க. ஒண்ணு அமுக்கணும்."

அண்ணன் குனிந்து மூன்றை அமுக்கினார்.

"பெரிய மாமா!"

"மூணுல தானம்மா இருக்குது?"

"கீ ஒண்ணுலதாங்க இருக்கணும்! ஒண்ணு அமுக்கியிருந்தா முடிஞ்சிருக்கும்!"

"கேட்டதுக்குத்தான் பதிலு சொன்னேன்," என்றார். கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மெஷின் போய் ஆள் வந்தது. ஒரு பெண். இங்கிலீஷ், இந்தி, கன்னடம், எது வேண்டும் என்று கேட்டாள். அண்ணன் பெங்களூர் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றியே பாதி வயசைப் போக்கியவர். கன்னடம் என்றார். போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கிணறு ஒன்று, பங்கு மூன்று, முறை இரண்டு நாள் என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். பெரியப்பா மகன் கதையும் வந்தது. காளையும் வந்தது. அந்தப் பெண் நடுநடுவே "ஹேளி சார், ஹேளி" என்றாள். சொல்லுங்கள் என்று அர்த்தம். அதை இவர் உற்சாகம் என்று எடுத்துக்கொண்டார்.

கடைசியில் அவள் சொன்னதை அண்ணன் எங்களுக்குச் சொன்னார்.

"ஒரு கம்ப்யூட்டருக்குத்தானாம். அந்த ஒண்ணுல எத்தனை பேரு வேணா உக்காரலாமாம். அதைக் கேக்க மாட்டாங்களாம்."

"அப்ப எங்க வூட்ல இருக்கறதுல போட்டுடலாம்ண்ணா," என்றான் தம்பி.

அண்ணனுக்கு அங்கேதான் சிக்கல். தம்பி வீட்டில் என்று சொன்னால் தன் பங்கைத் தானே எழுதிக் கொடுத்த மாதிரி. அண்ணன் வீட்டில் என்றால் அவள் வேலை போனது. போனுக்குள் அந்தப் பெண், எந்தக் கம்ப்யூட்டர் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மணி ஒன்பதாகப் போகிறது. தம்பி சம்சாரம் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. தன் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"மோட்டார் ரூம்," என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மோட்டார் ரூம் கிணற்று மேட்டில் இருக்கிறது. மூன்று பேருக்கும் பொது. அதில் ஒருவன் வீடு என்று கிடையாது.

அண்ணன் போனைக் கையில் எடுத்தார். "அங்க வெச்சா சரி," என்றார். "மோட்டார் ரூம்ல இருக்கறதுன்னு எழுதிக்கம்மா," என்று போனில் சொன்னார். அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டாளா என்று தெரியாது. நம்பர் சொன்னாள். தம்பி சம்சாரம் அடித்தாள். ஏறிவிட்டது.

அன்றைக்கே அந்தக் கம்ப்யூட்டரை மோட்டார் ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்தோம். உர மூட்டையை ஒரு பக்கம் தள்ளினோம். பழைய கட்டில் பலகை மேஜையானது. இரண்டு தவளையை வெளியே விட்டோம். ஒன்று திரும்பி வந்துவிட்டது. மோட்டார் போட்டால் கம்ப்யூட்டர் கண்ணை மூடித் திறக்கும். அதற்கு ஒரு பேட்டரி வாங்கி வைத்தான் தம்பி. மேடான இடம், சிக்னல் வீட்டைவிட நன்றாக இருந்தது. காளை போட்டோவையும் இதில் ஏற்றி வைத்தாள் தம்பி சம்சாரம்.

அண்ணன் முறை மட்டும் அப்படியே இருந்தது. அது வரும் நாளுக்கு முந்தின சாயந்திரம் அவள் அவரிடம் போனாள். நான் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். கேட்டது.

"மழை நாள்ல நீங்க மோட்டார் போட்டு நிறுத்தறீங்களேங்க. அப்பறம் மிச்சத் தண்ணி யாருக்கு?"

"எவனுக்கு வேணுமோ எடுத்துக்கட்டும். முறை எடுத்தாச்சில்ல."

"நாளைக்கும் அதே மாதிரி எடுங்க பெரிய மாமா. காலையில வந்து உக்காந்து மாட்டைப் பாருங்க. நெறைய நேரம் பாருங்க. ஒம்பது மணிக்கு மிச்சத்தை நான் எடுத்துக்கறேன்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "காலுல எழுத்து இருக்குமா?"

"இருக்காதுங்க."

"சரி, பாக்கலாம்."

இப்போதும் அப்படித்தான். தன் முறை நாளில் காலையில் போவார். செருப்பை வெளியே விடுவார். அவள் எழுந்து இடம் விடுவாள். மாடு தெரியும். பார்ப்பார். பிறகு "ம், முறை ஆயிடுச்சு, நீ பாரும்மா" என்று எழுந்து, போகிற போக்கில் மோட்டாரையும் போட்டுவிட்டுப் போவார். வேலை நிரந்தரமாகிவிட்டது. அவள் கை சுத்தமாக இருக்கிறது. லீவு நாளில் மட்டும் பறிக்க வருகிறாள். அன்றைக்குக் கறை ஏறும்.

ஒரு நாள் அண்ணன் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுந்திருக்க நேரமாகிவிட்டது. கம்பெனியிலிருந்து வீடியோவில் பெரிய அதிகாரி வந்துவிட்டார். திரையில் அவர் பார்த்தது துண்டு போட்ட ஒரு ஆளை.

"யாருங்க நீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"இதுல எனக்கு ரெண்டு நாளு முறை இருக்குது," என்றார் அண்ணன். எழுந்திருக்கவில்லை.