வெள்ளைச் சட்டையை அலசிக் காட்டிய கதை

போன வருடத்துக்கு முந்தின வருடம், பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. வரிசை அறைகளான லயத்தில் இருக்கும் ஆட்களுக்குப் புது வீடு கட்ட மணலும் சல்லியும் கொடுக்கும் வேலை என் கைக்கு வந்தது. வராமல் எங்கே போகும்? எங்கள் பக்கத்தில் சக்கரம் வைத்த மணல் கழுவும் மெசினை முதலில் இறக்கியவன் நான்தான். உடைத்த கல்லைக் கொட்டினால் போதும். சல்லியைத் தனியாக, மணலைத் தனியாகச் சலித்து, மண்ணைக் கழுவித் தள்ளிவிடும். லொறியில் மாட்டி எந்த மலைக்கும் இழுத்துப் போகலாம். நானும் லயத்தில் பிறந்தவன். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி.

ஓடைக்கு மேலே மெசினை நிறுத்திப் பூசையும் போட்டாயிற்று. ஓட்டப் போகும் நேரத்தில் கீழ் லயத்துப் பெண்கள் வந்து மறித்துக்கொண்டார்கள். அந்த ஓடைத் தண்ணீர்தான் அவர்கள் குடம் பிடிக்கும் பீலியில் விழுகிறது. குடிப்பது, சமைப்பது எல்லாம் அதில்தான். சேறு கலந்துவிடும் என்று பயம்.

"சேறு தங்கத்தான் குழி வெட்டியிருக்கேன் தங்கச்சி. தெளிஞ்ச தண்ணிதான் ஓடைக்குப் போகும்" என்றேன், முன்னால் நின்ற பெண்ணிடம்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்படீங்களா? அப்ப ஒங்க வெள்ளச் சட்டைய அதுல அலசிக் காட்டுங்க மொதலாளி. வெள்ளையாவே வந்துச்சுன்னா நாங்க போயிடுறோம்."

நானா பின்வாங்குவேன்? ஓடைக்குப் போகும் வாயை அடைத்துவிட்டு, கொஞ்ச நேரம் ஓட்டி, குழித் தண்ணீரில் சட்டையை முக்கினேன். தூக்கினால் ஒரே செங்காவி!

"மொதலாளி காவி கட்டிட்டாருடி! அப்படியே கதிர்காமத்துக்கு நடந்துருங்க!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்த, மலையே சிரித்தது.

"தோட்டத்து அனுமதி இருக்குல்ல, ஓட்டுவோமுங்க" என்றான் என் டிரைவர். ஓட்டியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. மணலைக் கழுவத் தெரிந்தவனுக்குத் தண்ணீரைக் கழுவத் தெரியாதா? நானே மண்வெட்டியைப் பிடித்தேன். படிப்படியாக இன்னும் குழிகள் வெட்டி, இடையிடையே மணலும் தென்னந்தும்பு நாரும் போட்டு அடைத்தோம். வீட்டு வேலை நிற்கிறதென்று மேசன்மார் போனில் கத்தினார்கள். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுபடி பெண்களைக் கூப்பிட்டு, தீபாவளிக்கு எடுத்த புதுச் சட்டையைக் கொடுத்தேன். அந்தப் பெண்ணே கடைசிக் குழியில் முக்கி, பிழிந்து, வெயிலுக்கு நேராக உதறிப் பார்த்தார். ஒரு பொட்டுக் கறை இல்லை.

"ஓட்டுங்க" என்றார். அவ்வளவுதான்.

வேலை தொடங்கிச் சில நாள் கழித்து அவரே மேலே ஏறி வந்து ஒரு கோப்பைத் தேத்தண்ணியை நீட்டினார். "பீலித் தண்ணியில ஊத்துனதுதான். ஒங்க வேலைய நீங்களே குடிச்சுப் பாருங்க."

கூசாமல் குடித்தேன். அங்கே நிற்கும் வீடெல்லாம் என் மணல்தான் என்று இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்வேன். ஆனாலும் அந்தப் பக்கம் போனால் முதலில் பீலியில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்த பிறகுதான், வீடுகளை நிமிர்ந்து பார்க்கத் தோன்றுகிறது.