வராந்தாவில் கூப்பிட்ட பெயர்

அறுபதுகளின் தொடக்கம். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். என் மூத்த மகனுக்கு அப்போது மூன்று வயது. காய்ச்சல் இறங்காமல் வலிப்பு வந்துவிட, அரசாங்க மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் சேர்த்தோம். பெற்றவர்களை உள்ளே தங்க விடமாட்டார்கள். பார்வை நேரம் வரும்வரை வெளி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

எனக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்தார். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். அவருடைய ஐந்து வயது மகளுக்குத் தொண்டை அடைப்பான். இரவெல்லாம் உட்கார்ந்திருந்த மனைவி, குளித்துவிட்டு வருகிறேன் என்று அப்போதுதான் வீட்டுக்குப் போயிருந்தார். பேச்சுவாக்கில் பிள்ளையின் பெயரைக் கேட்டேன்.

"வாழவந்தா. எங்க குலசாமி பேரு, தங்கச்சி. இவளுக்கு முன்னாடி மூணு பொறந்து தங்கல. இவளாவது வாழட்டும்னு சாமி பேரையே வச்சிட்டோம்."

நான் அதுவரை கேள்விப்படாத பெயர். நல்ல பெயர் என்று சொன்னேன்.

சற்று நேரத்தில் வார்டுக் கதவைத் திறந்துகொண்டு ஒரு சீன நர்ஸ் வந்தார். கையிலிருந்த ஆங்கிலச் சீட்டைப் பார்த்து "வெலவேண்டல், வெலவேண்டல்" என்று கூப்பிட்டார். ஒருவரும் எழவில்லை. எதிரே இருந்த மலாய்க் குடும்பம் எங்களைப் பார்த்தது. நாங்கள் அவர்களைப் பார்த்தோம். நர்ஸ் வராந்தாவின் கோடிவரை போய்க் கூப்பிட்டுவிட்டுத் திரும்பினார். முகம் வெளிறியிருந்தது. பக்கத்தில் இருந்தவரோ, வேறு யாரையோ தேடுகிறார்கள் என்று சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

எனக்கு மட்டும் அந்தச் சத்தம் உறுத்தியது. மனத்துக்குள் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் 'வந்தாள்' என்பது போலக் கேட்டது. சட்டென்று அவர் தோளைத் தட்டினேன்.

"அண்ணே, உங்க பிள்ளயத்தான் கூப்பிடுறாங்க போல."

அவர் எழுந்து ஓடினார். என்னைத் தாய் என்று நினைத்து, நர்ஸ் என் கையையும் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

குழந்தையின் கழுத்து வீங்கியிருந்தது. மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. "வாழவந்தா, அப்பா வந்துட்டேன்டா" என்று குனிந்தார். கண்கள் அவர் பக்கம் திரும்பின. அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம்தான். பிடி தளர்ந்தது அவருக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது.

டாக்டர் பார்த்துவிட்டுப் போனபிறகு அந்த நர்ஸ் கட்டிலைவிட்டு நகரவில்லை. பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று என்னிடம் மலாயில் கேட்டார். சொன்னேன். 'வாலவந்தா' என்றார், 'வாரவந்தா' என்றார். ழகரம் வரவில்லை. பிள்ளையின் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமலே தகப்பன் சொன்னார்: "நாக்க மேல மடிங்க மிஸி. வா... ழ..." நர்ஸ் கூடவே சொல்லிப் பார்த்தார். பிறகு, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். தகப்பன் பிள்ளையின் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தார். வாழ்வதற்காக வந்தவள் என்று நான்தான் மலாயில் சொன்னேன். நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஈரத் தலையோடு அந்தத் தாய் படியேறி வந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை.

என் மகன் பிழைத்துக்கொண்டான். வீட்டுக்குக் கிளம்பிய அன்று அந்த நர்ஸ் என்னைத் தேடி வந்து, வேறெதுவும் பேசாமல், "வாழவந்தாள்" என்றார். ழகரம் சரியாக இருந்தது. வார்டைப் பெருக்க வரும் தமிழம்மாவிடம் கேட்டுக் கேட்டுப் பழகினாராம். தன் குடும்பப் பெயரையும் ஒருவரும் சரியாகச் சொல்வதில்லை என்றார். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டே எழுத்து, உயிரெழுத்தே கிடையாது. பள்ளியில் அந்தப் பெயர் வந்ததும் வெள்ளைக்கார ஆசிரியை இருமிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவாராம். எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். சொன்னார். எங்கள் தமிழ் 'ங்'தான் அது. உடனே திருப்பிச் சொன்னேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கியது. அன்றைக்குச் சரியாகக் கூப்பிட்டிருந்தால் அந்த அப்பாவுக்கு இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்திருக்குமே என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

புதிதாக யாரைப் பார்த்தாலும், உங்கள் பெயரை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று இன்றைக்கும் கேட்கிறேன். பிள்ளைகள் கேலி செய்வார்கள். செய்யட்டும். மகளின் பெயர் காதில் விழுந்தும் அது அவள்தான் என்று தெரியாமல் ஒரு தகப்பன் உட்கார்ந்திருந்த அந்தச் சில நிமிடங்கள், எனக்குள் இன்னும் முடியவில்லை.