பின் சீட்டை உதைத்த சிலிண்டர்

லண்டன் ஹரோவில் நாங்கள் இருக்கும் பகுதியில் இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை. பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போகிற முறை அன்று என்னுடையது. என் மகனும், நான் தங்கச்சி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஆறு வயது மகளும் பின் சீட்டில் இருந்தார்கள்.

என் வீட்டுக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மன்னாரில் பிறந்தும் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்காத மனிதர். நாற்பத்தைந்து வயதில் என்ன பிடித்ததோ, லண்டனில் ஸ்கூபா டைவிங் பழகப் போனார். அதோடு என் கார் டிக்கி எனக்குச் சொந்தமில்லாமல் போனது. ரப்பர் உடுப்பு, காலில் மாட்டும் துடுப்பு, இடுப்பில் கட்டும் ஈயக்கட்டி, எல்லாவற்றுக்கும் மேலாகக் கனத்த காற்றுச் சிலிண்டர். அதைக் கட்டும் பட்டி அறுந்துபோய்விட்டதால், ஞாயிற்றுக்கிழமை முழுகப் போவதற்கென்று வெள்ளிக்கிழமை இரவே இரண்டு அரிசி மூட்டைகளுக்கு நடுவில் இறுக்கிப் படுக்க வைத்திருந்தார். ஒரு மூட்டை எங்களுடையது, மற்றது தங்கச்சியுடையது. கடையில் மலிவு போட்டால் சேர்த்துத்தான் வாங்குவோம்.

"முழுசாக் காத்தடிச்சது. அசைய விட்டீரெண்டால், பிரேக் அடிக்கேக்க ஆளை முறிச்சுப்போடும்" என்று எனக்கு வகுப்பு வேறு எடுத்தார்.

காலையில் தங்கச்சி மகளை ஏற்றிவிட்டு, டிக்கியைத் திறந்து மூடினாள். பிள்ளையின் புத்தகப் பையை வைக்கிறாளாக்கும் என்று நினைத்து, கையைக் காட்டிவிட்டுக் கிளம்பினேன்.

ஹரோ மலையிலிருந்து இறங்கும் ஒடுக்கமான ரோட்டில் ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக் அடித்தேன். பின்னால் தொம் என்று ஒரு சத்தம்.

"ஆன்ட்டி, ஆரோ பின்னால இருந்து என்ர சீட்டை உதைக்கினம்" என்றாள் சின்னவள்.

மகன் எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு மூட்டையைக் காணவில்லை, அப்பாவின் சிலிண்டர் உருண்டு திரிகிறது என்றான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. தங்கச்சி டிக்கியைத் திறந்தது தன் அரிசியை எடுக்கத்தான்.

இரண்டு பக்கமும் கார்கள் வரிசையாக நின்றன. ஒதுங்க இடமில்லை. பின்னால் ஒரு கார் ஒட்டிக்கொண்டு வந்தது. பிரேக்கைப் பலமாக மிதித்தால் அந்த இரும்பு நேரே பிள்ளையின் முதுகுக்கு வரும். மிதிக்காமல் இறக்கத்தில் எப்படி இறங்குவது? முதல் கியரைப் போட்டு ஊர்ந்தேன். பின்னால் இருந்த கார் விடாமல் ஹோர்ன் அடித்தது. பிள்ளைகள் பயந்துவிடக் கூடாதே என்று கிழமைகளின் பெயரைச் சொல்லச் சொன்னேன். திங்கள், செவ்வாய் என்று இருவரும் கத்த, நான் எங்கள் ஊர்ப் பக்கத்து மடு மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். உருளுவதென்றால் என் மகன் பக்கம் உருளட்டும் என்றுகூட ஒரு கணம் வேண்டிவிட்டேன். பெற்றவள் வேண்டுகிற வேண்டுதலா அது!

கீழே ஒரு சர்ச்சின் கார் நிறுத்துமிடம் கொஞ்சம் ஏற்றமாக இருந்தது. அதற்குள் திருப்பினேன். கார் தானாகவே வேகம் குறைந்தது. ஹேண்ட்பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்தேன். ஹோர்ன் அடித்து வந்த வெள்ளைக்காரப் பெண்மணி என்னைப் பிடித்து ஏசுவதற்கென்றே பின்னால் வந்து இறங்கினார். கதவைத் திறக்கக்கூட முடியாமல் நான் தடுமாறுவதைப் பார்த்ததும், பிள்ளைகளை இறக்கிப் புல்லில் விட்டார். பிறகு என்னையும் இறக்கி, தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். டிக்கியைத் திறந்து பார்த்தால், சிலிண்டரின் மூக்கு சின்னவளின் சீட்டுத் துணியைக் கிழித்துக்கொண்டு நின்றது.

வீட்டுக்காரர் அன்று என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். தங்கச்சியிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

"மூட்டையை எடுத்தது நானெல்லோ அக்கா" என்று அவள் அழுதாள்.

இனி அவள் பிள்ளையை என்னோடு விடமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அடுத்த முறை என் நாள் வந்தபோது, வழக்கம்போல வந்து, மகளை ஏற்றி, பெல்ட்டைப் பூட்டிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டாள். அந்த நம்பிக்கையைப் பார்த்து, மலையில் இறங்கும்போது வந்ததைவிடப் பெரிய பயம் அப்போதுதான் எனக்கு வந்தது. இன்றைக்கும் அடுத்தவர் பிள்ளை என் காரில் ஏறினால் அந்தப் பயத்தோடுதான் சாவியைத் திருப்புகிறேன். அது என்னை விட்டுப் போகாமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.