களப்பில் கட்டிய சிவப்புத் துணி: ஜெனிற்றா அக்காவின் நினைவாக

செய்தி வந்தபோது நான் நாற்பத்தேழாம் நம்பரைக் கூப்பிட்டிருந்தேன். கைத்தடியோடு ஒரு ஐயா எழுந்து வந்துகொண்டிருந்தார். மேசைத் தொலைபேசியை எடுத்த தாதி மிஸி அதை வைத்துவிட்டு என் தோளில் கை வைத்தார். "ஜெனிற்றா போயிட்டா பிள்ளை. விடியப்புறம், வீட்டிலையாம்."

ஐயா மேசைக்கு வந்துவிட்டார். நம்பர் வந்தவரைக் காக்க வைக்கக் கூடாது என்பது அக்காவின் சட்டம். அவருடைய கிளினிக் கொப்பியை வாங்கிப் பதிந்தேன். பிறகு நாற்பத்தெட்டைக் கூப்பிட்டேன். அன்று எழுபத்தொன்றுவரை கூப்பிட்டுவிட்டுத்தான் பின்பக்கம் போய் அழுதேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அக்காவின் தங்கை என்னைக் கேட்டார். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னமே பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கூட்டத்தில் என் பெயரைக் கேட்டாலே சொல்லத் தடுமாறுவேன். ஆனாலும் இதை நான்தான் எழுத வேண்டும். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஜெனிற்றா அக்கா கொக்கிளாயில், கடலோடு சேர்ந்த களப்பில் மீன்பிடிக்கும் குடும்பமொன்றில் பிறந்தவர். எங்கள் சிறிய வைத்தியசாலையில் கிளினிக் பதிவுகளைப் பொறுப்பாகப் பார்த்தவர். சின்ன வயதில் வந்த காய்ச்சலால் இருதய வால்வு பழுதாகி, அதற்கான சிகிச்சைக்கு நாள் குறித்துக் காத்திருந்தவர். படி ஏறினால் மூச்சு வாங்கும். கதைக்க மட்டும் ஒருநாளும் மூச்சு வாங்கியதில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் நான் தற்காலிக வேலைக்குச் சேர்ந்த அன்று, "பேர் என்ன?" என்று கேட்டார். நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

"கதைக்காட்டிப் பரவாயில்லை," என்றார். "ரெண்டு பேருக்குக் கதைக்க என்னட்டை வாய் இருக்குது. நீ ரைப் பண்ணு."

எங்கள் கணினியில் இருக்கும் பதிவு மென்பொருளைக் கொண்டுவந்தவர் அவர்தான். அதை யாரும் விற்பதில்லை. பல நாடுகளில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, எழுதிய விதத்தையும் எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கிறார்கள். எவரும் எடுத்துப் பாவிக்கலாம். பிழை கண்டால் சொல்லலாம், தெரிந்தவர்கள் திருத்தலாம். அதற்கென்று இணையத்தில் ஒரு கலந்துரையாடல் பக்கம் உண்டு. அக்கா மத்தியானச் சோற்றை ஒரு கையால் சாப்பிட்டபடி மற்றக் கையால் அங்கே எழுதுவார். ஒவ்வொரு முறையும் ஒரே வசனத்தில்தான் முடிப்பார்: "கேள்வி இருந்தால் கேளுங்கள், நான் இங்கேதான் இருக்கிறேன்."

அந்த மென்பொருள் பிறந்த திகதியை வெறுமையாக விட விடாது. எங்கள் பக்கத்தில் இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர். அதனால் திகதி தெரியாதவர்களுக்கு வருடத்தை மதித்து, சனவரி முதலாம் திகதி என்று போடுவது எங்கள் வழக்கமாகிவிட்டது.

"சனவரி ஒண்டு வந்தால் எங்கட சனத்துக்குக் கேக் வெட்டக் கத்தி காணாது," என்று அக்கா சிரிப்பார். "நானும் அண்டைக்குத்தான். ஒரு துண்டு தாங்கோ."

அந்த வழக்கத்தில்தான் நான் பிழை விட்டேன்.

இரத்த அழுத்தம் பார்க்கும் பிறசர் கிளினிக்குக்குப் புதிதாக ஒரு அம்மா வந்தார். பெயர் மு. பாக்கியம். விவரங்களைப் பதிந்ததும், இதே ஆள் ஏற்கெனவே இருக்கிறார், இரண்டு பதிவுகளையும் இணைக்கவா என்று திரை கேட்டது. அதே பெயர், அதே முதலெழுத்து, அதே குடியேற்றத் திட்ட முகவரி, அதே வருடம், சனவரி ஒன்று. வரிசை வாசலைத் தாண்டி நின்றது. நான் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், அதற்கும் கூச்சம். 'ஆம்' என்பதை அழுத்தினேன்.

அவர்கள் இரண்டு பாக்கியங்கள். முதலாமவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு; இவருக்கு அது இல்லை. அன்று பதில் கடமைக்கு வந்திருந்த வைத்தியர் திரையில் கண்ட பட்டியலின்படி சீனிக்கான மாத்திரையையும் எழுதினார். மூன்றாம் நாள் அந்த அம்மாவை ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். உடம்பெல்லாம் வியர்த்து, நினைவு தடுமாறி இருந்தது. குளுக்கோசு ஏற்றினார்கள்.

"சாப்பிடாமல் சீனிக் குளிசையைப் போட்டிருப்பா," என்றார் ஒருவர்.

"அம்மாவுக்குச் சீனியே இல்லையே!" என்றார் மகள்.

பதிவைத் திறந்து பார்த்தேன். ஒரே ஆளுக்குக் கணவர் பெயர் இரண்டு இருந்தது. வேறு யாருக்கும் அது இன்னும் தெரியாது. சொன்னால் வேலை போய்விடும் என்று நினைத்தேன். சொல்லாவிட்டால் வீட்டுக்குப் போய் அந்த அம்மா அதே குளிசையைத் திரும்பவும் விழுங்குவார். வாய் வரவில்லை. நம்பர் துண்டொன்றின் பின்பக்கத்தில், 'இரண்டு பாக்கியத்தையும் நான்தான் ஒன்றாக்கினேன்' என்று எழுதி அக்காவின் முன்னால் வைத்தேன்.

அவர் வாசித்தார். மூச்சு வாங்க வாங்க நோயாளர் விடுதிக்கு நடந்துபோய் வைத்தியரிடம் சொல்லி, முதலில் குளிசையை நிறுத்தினார். பிறகு பதிவுகளைப் பிரித்தார். தொடர்ந்து மூன்று பின்னேரங்கள் நாங்கள் இருவரும் சனவரி ஒன்றுக்காரர் எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தோம். இன்னும் இரண்டு சோடிகள் ஒட்டிக் கிடந்தன.

அதோடு விடும்படி அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் சொன்னார். "பிரிச்சாச்சு, ஆளும் சுகம். இனி என்னத்துக்குப் பிள்ளை ஊருக்கெல்லாம் பறையடிக்கிறியள்?"

அக்கா அந்தக் கலந்துரையாடல் பக்கத்தில் எழுதத் தொடங்கியிருந்தார். நோயாளியின் பெயரும் ஊரும் இல்லாமல், நடந்ததை நடந்தபடி. "என்ர பேரைப் போடாதேங்கோ அக்கா," என்றேன். அவரிடம் நான் முழுதாகச் சொன்ன முதல் வசனம் அதுதான் என்று நினைக்கிறேன்.

"போட மாட்டன். ஆனால் விசயத்தை மூட மாட்டன்," என்றார். பிறகு கதிரையை என் பக்கம் திருப்பினார். "களப்புக்குள்ள எங்கையாவது கட்டை கிடந்து வலையைக் கிழிச்சால், அப்பா அந்த இடத்திலை ஒரு கம்பை நட்டுச் சிவப்புத் துணி கட்டிப்போட்டுத்தான் கரைக்கு வருவார். பின்னாலை வாறவன் அதைக் கண்டு விலத்துவான். ஆரின்ர வலை கிழிஞ்சது எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. விளங்குதோ?"

தலையை ஆட்டினேன்.

"அப்ப போய்ச் சாப்பிடு. இறால் குழம்பு கொண்டந்தனான்."

அடுத்த கிழமை ஆபிரிக்காவில் அகதி முகாமொன்றின் பக்கத்துக் கிளினிக்கிலிருந்து பதில் வந்தது. 'எங்களிடமும் அரைவாசிப் பேர் சனவரி முதலாம் திகதிதான் பிறந்திருக்கிறார்கள். உடனே தேடினோம். எங்களிடமும் ஒட்டிக் கிடக்கிறார்கள்.' அக்கா அதைச் சத்தமாகத் தமிழில் சொன்னார். "பாத்தியா, துணி தெரிஞ்சிட்டுது." வேறொரு நாட்டிலிருந்து ஒருவர் மென்பொருளைத் திருத்தினார். இப்போது நாளும் மாதமும் தெரியாவிட்டால் வெறுமையாக விடலாம். இணைக்க முன் தாயின் பெயரைக் கேட்கும். அந்தத் திருத்தம் அதைப் பாவிக்கும் எல்லோருக்கும் போனது.

பிறகு அக்காவும் எங்கள் வைத்தியரும் அதை ஒரு கட்டுரையாக எழுதினார்கள். அதற்கு அக்கா ஒரு நிபந்தனைதான் வைத்தார்: வாசிப்பவரிடம் காசு கேட்காத சஞ்சிகையில்தான் வர வேண்டும். "எங்கட கதையை நாங்களே வாசிக்க ஏலாட்டில் என்னத்துக்கு?" கட்டுரை வந்த அன்று என் போனிலேயே திறந்து பார்த்தேன். 'பதிவு மேசையில் இருந்த ஊழியர் ஒருவர்' என்று இருந்தது. சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருந்தார். எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

பாக்கியம் அம்மா அடுத்த கிளினிக்குக்கு வந்தபோது அக்கா அவரிடம் நேரிலும் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டார். நான் கணினிக்குப் பின்னால் குனிந்திருந்தேன்.

"மற்றப் பாக்கியத்தின்ர குளிசையைத் தந்தது போகட்டும்," என்றார் அம்மா. "அவவின்ர மனுசனையும் தந்திடாதேங்கோ. எனக்கு ஒண்டே பெரிய கரைச்சல்." வரிசை முழுவதும் சிரித்தது. பிறகு கணினிக்கு மேலால் எட்டி என்னைப் பார்த்து, "நிமிந்து இரு மோனை, கழுத்து நோகும்," என்றார்.

அடக்கத்துக்குக் கொக்கிளாய்க்குப் போனோம். பாக்கியம் அம்மாவும் எங்களோடு பஸ்ஸில் வந்தார். வீட்டில் நினைவு அட்டைக்கு எழுதிக்கொண்டிருந்த பொடியன் பிறந்த நாளைக் கேட்க, அக்காவை ஞானஸ்நானத்தில் ஏந்திய ஞானத்தாய் சொன்னார்: "அடையாள அட்டையைப் பாத்துச் சனவரி ஒண்டு எண்டு போட்டிடாதை. கோயில் திருநாளுக்குக் கொடியேத்தின அண்டு பின்னேரம் பிறந்தவள். வெடிச் சத்தத்திலை அழுதவள்."

திரும்பி வந்து இருதய கிளினிக் பட்டியலில் அக்காவின் பதிவைத் திறந்தேன். சனவரி ஒன்று என்பதை அழித்து, வருடத்தை மட்டும் வைத்தேன். குறிப்பில் 'கொடியேற்ற நாள், பின்னேரம்' என்று எழுதினேன். பிறகுதான் 'காலமானார்' என்பதைப் பதிந்தேன்.

அதன் பின் அந்தக் கலந்துரையாடல் பக்கத்துக்குப் போனேன். அக்கா எழுதியது அப்படியே இருந்தது. கீழே யாரோ புதிதாக ஒரு கேள்வி கேட்டு நான்கு நாட்களாகி இருந்தது. அக்கா எழுதியதன் அடியில் அவருடைய அதே வசனம்: நான் இங்கேதான் இருக்கிறேன்.

அந்தக் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். அதன் தமிழ் இதுதான்:

'இதை எழுதிய ஜெனிற்றா காலமாகிவிட்டார். அன்று பொத்தானை அழுத்தியவள் நான். என் பெயர் இராசையா சங்கவி. உங்கள் கேள்விக்குப் பதில் கீழே இருக்கிறது. இன்னும் கேள்வி இருந்தால் கேளுங்கள், நான் இங்கே இருக்கிறேன்.'

இந்த மலரிலும் அதே பெயரைத்தான் போடுகிறேன்; இதை நான்தான் எழுத வேண்டும் என்றது அதனால்தான். அக்கா, நீங்கள் நட்ட கம்பு சாயாமல் பார்த்துக்கொள்கிறேன். நிம்மதியாகப் போங்கோ.